பதினோராம் வகுப்பின் வாயிலில்
(சங்கத்தின் வெள்ளி விழாக் கல்வி அரங்கில் ஆற்றிய உரை)



வெள்ளி விழா என்றால் கடந்து வந்த இருபத்தைந்து ஆண்டுகளின் பெருமையை எடுத்துரைப்பது மரபு. அப்பணியைச் செயலாளர் தம் அறிக்கையில் செவ்வனே நிறைவேற்றிவிட்டார். அதை மீண்டும் சொல்லி உங்கள் பொழுதைக் கவர நாம் விரும்பவில்லை. இன்னும் சில வாரங்களில் நம் தெருக்களில் ஏறத்தாழ ஒவ்வொரு வீட்டிலும் ஒரு கேள்வி எழப் போகிறது. "எந்தக் குரூப் எடுப்பது?" என்பதே அக்கேள்வி. கேட்பதற்குச் சிறியது. ஆயின் பதினைந்து வயதில் இதற்குச் சொல்லும் விடை, இருபத்தைந்து வயதில் எந்த அலுவலகத்தின் வாயிலில் நிற்கிறோம் என்பதைப் பெரிதும் தீர்மானித்துவிடுகிறது. ஆதலின் இது குறித்துச் சற்று விரிவாகவே பேச எண்ணுகிறோம்.

பாடத்தைத் தேர்ந்துகொள்ளும் உரிமை என்பது நமக்கு இயல்பாக வந்து சேர்ந்த ஒன்றன்று. அண்ணல் அம்பேத்கர் உயர்நிலைப் பள்ளியில் பயின்ற காலத்தில் சமஸ்கிருதம் படிக்க விரும்பினார். தீண்டத்தகாதார் வீட்டுப் பிள்ளைக்கு அம்மொழி கற்பிக்கப்படமாட்டாது என்று மறுக்கப்பட்டது. வேறு வழியின்றிப் பாரசீக மொழியை எடுத்துப் படித்தார். 1907இல் மெட்ரிகுலேஷன் தேறினார். 1912இல் பட்டம் பெற்றார். 1913இல் பரோடா மன்னரின் உதவித் தொகையோடு அமெரிக்காவின் கொலம்பியாப் பல்கலைக்கழகத்தை அடைந்தார். அங்கே அவர் எடுத்த பாடங்களின் கணக்கு பல்கலைக்கழகப் பதிவேட்டில் உள்ளது. பொருளியலில் 29, வரலாற்றில் 11, சமூகவியலில் 6, தத்துவத்தில் 5, மானிடவியலில் 4, அரசியலில் 3, பிரெஞ்சு, ஜெர்மன் மொழிகளில் ஒவ்வொன்று. ஆக அறுபது பாடங்கள்! ஒரு பாடம் கேட்டு மறுக்கப்பட்ட பிள்ளை, கதவு திறந்த இடத்தில் அறுபது பாடங்களை அள்ளிக்கொண்டார். மறுக்கப்பட்ட சமஸ்கிருதத்தையும் பின்னாளில் தம் முயற்சியாலேயே கற்று, சாத்திர நூல்களைத் தாமே படித்து வாதிட்டார்.

இன்று எந்த ஆசிரியரும் "உனக்கு இப்பாடம் கற்பிக்கமாட்டேன்" என்று வாய்விட்டுச் சொல்ல முடியாது. சட்டம் இடம் தராது. ஆயின் மறுப்பு வேறு சொற்களில் வருகிறது. "உனக்கு இது கஷ்டம்ப்பா", "உனக்கு இது போதும்" என்னும் அன்பான சொற்களில் வருகிறது. சேர்க்கை நாளில் பள்ளி அலுவலகத்தில் நின்று பார்த்தவர்களுக்கு அக்காட்சி தெரியும். பிள்ளை மதிப்பெண் சான்றை நீட்டுகிறான். தந்தை அன்றைய கூலியை விட்டுவிட்டு வந்தவர். கைகட்டி இரண்டடி தள்ளி நிற்கிறார். மேசைக்கு அப்பால் இருப்பவர் மதிப்பெண்ணை ஒருமுறை பார்க்கிறார். சாதிச் சான்றை ஒருமுறை பார்க்கிறார். "தேர்ட் குரூப்புல போட்டுடறேன், சரிதானே?" என்கிறார். "நீங்க பாத்து எது செஞ்சாலும் சரிங்க ஐயா" என்கிறார் தந்தை. இரண்டு நிமிடத்தில் எல்லாம் முடிந்துவிடுகிறது. ஓர் ஆடு வாங்கப் போனால் பல்லைப் பிடித்துப் பார்த்து, நான்கு பேரைக் கேட்டு, அரைநாள் பேரம் பேசும் நாம், பிள்ளையின் படிப்புக்கு இரண்டு நிமிடம் தருகிறோம்!

ஆசிரியர் எல்லோரையும் குறை கூறுவதாக எண்ண வேண்டா. தம் கைப்பணத்தைக் கொடுத்து நம் பிள்ளைகளைப் படிக்க வைத்த ஆசிரியப் பெருமக்கள் பலரை இச்சங்கம் அறியும். நாம் சொல்வது வேறு. தேர்ந்துகொள்ள வேண்டியவர் பேசாமல் நின்றால், அவருக்காக யாரோ ஒருவர் தேர்ந்துவிடுகிறார், அவ்வளவே.

இம்முறை எப்போது வந்தது என்பதையும் இளைஞர் அறிந்துகொள்ளல் நலம். 1978இல் தமிழ்நாட்டில் மேல்நிலைக் கல்வி தொடங்கியது. அதற்கு முன் பதினோராண்டுப் பள்ளிப் படிப்பும், கல்லூரியில் ஓராண்டுப் புகுமுக வகுப்புமாக இருந்தது. இங்கே அமர்ந்திருக்கும் பெரியவர்களுக்கு நினைவிருக்கும். அக்காலத்தில் 'காம்போசிட் மேத்ஸ்', 'ஜெனரல் மேத்ஸ்' என்று கணிதத்தையே இரண்டாகப் பிரித்து வைத்திருந்தார்கள். எளிதென்று ஜெனரல் மேத்ஸ் பக்கம் சென்றவர்க்குப் பின்னர்க் கணிதத்தைத் தொடர்வது அரிதாயிற்று. பெயர்கள் மாறியுள்ளனவே தவிர, எளிதென்று காட்டப்படும் வழி எங்கே முடிகிறது என்று முன்னரே கேட்டுக்கொள்ள வேண்டிய தேவை இன்றும் மாறவில்லை.

இன்றைய நிலையைப் பார்ப்போம். பதினோராம் வகுப்பில் தமிழ், ஆங்கிலம் ஆகிய இரண்டும் எல்லோர்க்கும் பொது. அவற்றோடு நான்கு பாடங்கள் சேர்ந்தது ஒரு பிரிவு. இயற்பியல், வேதியியல், கணிதம், உயிரியல் என்பது ஒன்று. உயிரியலுக்குப் பதிலாகக் கணினி அறிவியல் கொண்டது மற்றொன்று. கணிதத்தை விட்டுத் தாவரவியல், விலங்கியல் இரண்டையும் இயற்பியல் வேதியியலோடு படிப்பது பிறிதொன்று. வணிகவியல், கணக்குப் பதிவியல், பொருளியல் சேர்ந்த பிரிவும், வரலாற்றை முதன்மையாகக் கொண்ட பிரிவும், தொழிற்கல்விப் பிரிவுகளும் உள்ளன. எல்லாப் பள்ளியிலும் எல்லாப் பிரிவும் இரா என்பதை மறவாதீர்கள். "எங்கள் ஸ்கூலில் இதுதான் இருக்கிறது" என்பதற்காகவே ஒரு பிரிவை எடுத்துக்கொண்டவர் நம்மில் மிகப் பலர்.

இவற்றுள் ஒன்றை மற்றொன்றைவிட உயர்ந்ததென்று கூறுவது நம் நோக்கமன்று. ஆயின் ஒரு வேறுபாட்டை மறைக்கவும் கூடாது. அறிவியல் பிரிவில் படித்தவன் பின்னர் மனம் மாறினால் சட்டம் படிக்கலாம். இலக்கியமோ வரலாறோ படிக்கலாம். வணிகவியலிலும் வரலாற்றிலும் படித்தவன் பின்னர் மருத்துவமோ, செவிலியர் பட்டமோ படிக்க விரும்பினால் வழி எளிதன்று. அதுபோலவே, கணிதத்தை விட்டவனுக்குப் பொறியியல் இல்லை. தொழிற்கல்விப் பிரிவினர்க்கென ஒதுக்கப்படும் சில இடங்களே விலக்கு. உயிரியல் படிக்காதவனுக்கு மருத்துவமில்லை. ஆகவே, இன்னும் மனம் ஒரு நிலைக்கு வராத பிள்ளை, எந்தக் கதவைச் சாத்தினால் திரும்பத் திறக்க முடியாதோ அக்கதவைக் கடைசியாகச் சாத்துவதே அறிவுடைமை.

கணிதத்தைப் பற்றிச் சற்று நின்று பேச வேண்டும். நம் பிள்ளைகள் அதிகமாக அஞ்சி விலகும் பாடம் இதுவே. பொறியியற் சேர்க்கைக்குத் தனி நுழைவுத் தேர்வு 2007இலேயே நீங்கிற்று. பன்னிரண்டாம் வகுப்பு மதிப்பெண்ணே தகுதி. அத்தகுதியில் 200க்குக் கணக்கிடும்போது கணிதத்துக்கு மட்டும் 100. இயற்பியலும் வேதியியலும் சேர்ந்துதான் மற்ற 100. பொறியியலை விட்டுவிட்டாலும், கல்லூரியில் இயற்பியல், புள்ளியியல் எனப் பலவும் கணிதத்தின் தோளில் ஏறியே நிற்பன. வங்கித் தேர்விலும் அரசுப் பணித் தேர்விலும் கணக்கு வினாக்கள் வராமல் இருப்பதில்லை. எனவே, "எனக்குக் கணக்கு வராது" என்னும் சொல்லைப் பிள்ளை சொன்னால், உடனே தலையாட்டிவிடாதீர்கள். எந்த வகுப்பிலிருந்து வரவில்லை என்று கேளுங்கள். ஏழாம் வகுப்பில் பின்னமும், எட்டாம் வகுப்பில் இயற்கணிதமும் விட்டுப்போயிருக்கும். அவ்வாண்டுகளில் கரும்பு வெட்டவோ செங்கல் அறுக்கவோ குடும்பத்தோடு வெளியூர் சென்றிருப்பான். விட்டதைப் பிடிக்கத் தேர்வுக்கும் சேர்க்கைக்கும் இடையே உள்ள வாரங்கள் இருக்கின்றன. நாம் கண்டவரையில், கணக்கு வராத பிள்ளைகளைவிட, கணக்கு சொல்லிக் கொடுக்கப்படாத பிள்ளைகளே மிகுதி.

இதற்கு மறுபுறமும் உண்டு. அதையும் சொல்லியாக வேண்டும். "என் மகன் ஃபர்ஸ்ட் குரூப்" என்று ஊரில் சொல்லிக்கொள்ளும் பெருமைக்காகவே பிள்ளையை அதில் தள்ளிவிடும் பெற்றோரும் நம்மிடையே உள்ளனர். அவனுக்கு வரலாற்றிலும் மொழியிலும் ஆர்வம். இரண்டாண்டு ஏதும் விளங்காமல் அமர்ந்திருந்து, இரண்டு பாடங்களில் தவறி, அத்தோடு படிப்பை முடித்துக்கொண்டு திருப்பூர்ப் பனியன் கம்பெனிக்குப் பேருந்து ஏறுகிறான். இந்த இழப்புக்கு யார் பொறுப்பு? வரலாறும் வணிகவியலும் மிச்சம் மீதிப் பாடங்களல்ல. கேரளத்து உழவூரில் ஏழைத் தலித் குடும்பத்தில் பிறந்த கே.ஆர்.நாராயணன் ஆங்கில இலக்கியம் படித்து, திருவிதாங்கூர்ப் பல்கலைக்கழகத்தில் முதலிடம் பெற்றார்; 1997இல் நாட்டின் குடியரசுத் தலைவரானார். ஆட்சிப் பணித் தேர்வை எந்தப் பட்டம் பெற்றவரும் எழுதலாம். ஐந்தாண்டுச் சட்டப் படிப்பில் எந்தப் பிரிவு மாணவரும் சேரலாம். கணக்குப் பதிவியலை விரும்பிப் படிப்பவர் ஆடிட்டர் ஆகலாம். அதற்கான முதற்கட்டத் தேர்வைப் பன்னிரண்டாம் வகுப்பு முடித்தவுடனேயே எழுதலாம். நம் ஊர்களில் ஆசிரியர் உண்டு, காவலர் உண்டு, எழுத்தர் உண்டு. ஆடிட்டர் பெயர்ப்பலகை தொங்கும் வீடு நம் தெருவில் எங்கே இருக்கிறதென்று தேடிப் பாருங்கள். வணிகவியலை 'மார்க் குறைந்தவர் குரூப்' என்று நாமே தாழ்த்திப் பேசிக்கொண்டிருந்தால் அப்பலகை எப்படித் தொங்கும்? அப்பிரிவை எடுப்பவர், பள்ளியில் வணிகக் கணிதம் இருக்குமாயின் அதையும் சேர்த்துக்கொள்வது நன்று.

உயிரியல் எடுக்கும் பிள்ளைகளுக்கு ஒரு சொல். 2017 முதல் நம் மாநிலத்தில் மருத்துவச் சேர்க்கை நீட் தேர்வின் வழியாயிற்று. அவ்வாண்டிலேயே, 1200க்கு 1176 மதிப்பெண் பெற்ற அரியலூர் மாவட்டத்து அனிதாவை நாம் இழந்தோம். அத்தேர்வின் நியாய அநியாயத்தைப் பற்றிய போராட்டம் ஒருபுறம் நடக்கட்டும். மருத்துவம் ஒன்றே வாழ்வு, அது கிட்டாவிடில் எல்லாம் போயிற்று என்னும் எண்ணத்தோடு மட்டும் எந்தப் பிள்ளையும் உயிரியலை எடுக்க வேண்டா. எந்தப் பெற்றோரும் எடுக்க வைக்க வேண்டா. செவிலியம், மருந்தியல், வேளாண்மை, கால்நடை மருத்துவம், மீன்வளம் என அவ்வழியில் கதவுகள் பல உள. மாடும் வயலும் கடலும் நம் மக்களுக்குப் புதியனவல்ல; அவற்றில் பட்டம் பெற்றோர்தாம் நம்மில் குறைவு.

அடுத்துச் சொல்வதைக் காது கொடுத்துக் கேளுங்கள்; அறியாமல் இழப்பவர் பலர். பத்தாம் வகுப்பில் நம் பிள்ளை நல்ல மதிப்பெண் பெற்றுவிட்டால், முடிவு வந்த மறுநாளே தனியார் பள்ளிக்காரர் வீடு தேடி வருகிறார். "கட்டணம் வேண்டாம், விடுதி இலவசம்" என்கிறார். பெருமையாகத்தான் இருக்கும். ஆயின் 2020இல் தமிழக அரசு ஒரு சட்டம் செய்தது. ஆறாம் வகுப்பு முதல் பன்னிரண்டு வரை அரசுப் பள்ளியில் படித்தவர்க்கு மருத்துவ இடங்களில் 7.5 விழுக்காடு உள் ஒதுக்கீடு அளிப்பது அது. 2021இல் அது பொறியியல், வேளாண்மை, கால்நடை, மீன்வளம், சட்டம் ஆகியவற்றுக்கும் விரிந்தது. ஆதிதிராவிடர் நலப் பள்ளிகளும் இதில் அரசுப் பள்ளிகளாகவே கொள்ளப்படும். பதினோராம் வகுப்பில் தனியார் பள்ளிக்கு மாறினால் இவ்வுரிமை போய்விடும். 2022இல் மாணவியர்க்கெனத் தொடங்கிய புதுமைப் பெண் திட்டமும், 2024இல் மாணவர்க்கெனத் தொடங்கிய தமிழ்ப் புதல்வன் திட்டமும் பள்ளிப் படிப்பை அரசுப் பள்ளியில் முடித்தவர்களை மனத்திற்கொண்டே வகுக்கப்பட்டவை. வந்தவர் இவற்றையெல்லாம் சொல்லமாட்டார். அவருக்கு அடுத்த ஆண்டு விளம்பரத்தில் போட ஒரு படம் வேண்டும்.

பயிற்று மொழியும் இவ்வாறே. பதினோராம் வகுப்பில் ஆங்கில வழிக்கு மாறிவிடலாமா என்று கேட்பவர் பலர். தமிழ் வழியில் படித்தோர்க்கு மாநில அரசுப் பணிகளில் 20 விழுக்காடு முன்னுரிமை தரும் சட்டம் 2010இல் வந்தது. 2020இல் செய்த திருத்தத்தின்படி, பணிக்கு வேண்டிய கல்வித் தகுதி வரையில், பள்ளிப் படிப்பு முழுவதையும் தமிழ் வழியிலேயே படித்திருக்க வேண்டும். பட்டத் தகுதிப் பணியை நாடுபவர் இடையில் இரண்டாண்டு மாறினாலும் இழப்பு உண்டு. மாறவே கூடாதென்று நாம் சொல்லவில்லை. எதைக் கொடுத்து எதைப் பெறுகிறோம் என்று அறிந்து மாறுங்கள்.

பதினோராம் வகுப்பு பாடத்தையே நடத்தாமல், முதலாண்டிலேயே பன்னிரண்டாம் வகுப்பு பாடத்தைத் தொடங்கி, இரண்டாண்டும் அதையே உருவேற்றும் பழக்கம் பல பள்ளிகளில் வேரூன்றியிருந்தது. அதைத் தடுக்கவே 2018இல் பதினோராம் வகுப்புக்கும் பொதுத்தேர்வு கொண்டுவந்தனர். 2025இல் வெளியான மாநிலக் கல்விக் கொள்கையின் வழி அத்தேர்வு கைவிடப்பட்டது. பிள்ளைகளுக்குச் சுமை குறைந்தது என மகிழலாம். பழைய பழக்கம் திரும்பாதிருக்கப் பெற்றோரே விழித்திருக்க வேண்டும். பதினோராம் வகுப்பு இயற்பியலும் கணிதமும் தெரியாதவன் பொறியியற் கல்லூரியின் முதற் பருவத்திலேயே திணறுகிறான். போட்டித் தேர்வுகளில் வினாக்கள் இரண்டாண்டுப் பாடத்திலிருந்தும் வருகின்றன.

பெண் மக்களைப் பற்றி இங்கே தனியே பேச வேண்டியிருப்பதே நமக்கு வருத்தம். அண்ணனுக்கு எட்டுக் கல் தொலைவிலுள்ள பள்ளியில் அறிவியல் பிரிவு. தங்கைக்கு அருகிலுள்ள பள்ளியில் எது இருக்கிறதோ அது. "வழியில் ஏதாவது ஆகிவிடும்" என்னும் அச்சம் பொய்யென்று நாம் சொல்லமாட்டோம். நம் பெண்கள் நடந்து செல்லும் சாலைகள் எப்படிப்பட்டவை என்று நமக்குத் தெரியும். ஆயினும் அதற்கு விடை, பாடத்தை மாற்றுவதன்று. அரசு பதினோராம் வகுப்பில் மிதிவண்டி தருகிறது. பேருந்துப் பயண அட்டை தருகிறது. ஒரே பள்ளிக்குச் செல்லும் நான்கைந்து பெண்கள் சேர்ந்து செல்ல, முதற் சில வாரங்கள் ஒரு பெரியவர் உடன் சென்று வரலாம். இதை இச்சங்கத்து இளைஞர் அணியின் பொறுப்பாக நாம் வேண்டிக் கேட்கிறோம்.

பள்ளியைத் தேர்ந்திடும்போது கட்டடத்தைப் பாராதீர்கள். அப்பாடத்துக்கு ஆசிரியர் இருக்கிறாரா, இடம் காலியாகக் கிடக்கிறதா என்று விசாரியுங்கள். செய்முறைக் கூடம் திறக்கப்படுகிறதா என்று அங்கே படிக்கும் பிள்ளையைக் கேளுங்கள். சேர்ந்த பின்னர்ப் பிரிவு பொருந்தவில்லை என்று தெரிந்தால், முதற் சில வாரங்களுக்குள்ளேயே தலைமையாசிரியரிடம் எழுத்து மூலம் கேளுங்கள். காலாண்டுத் தேர்வு வரை காத்திருந்தால் கதவு சாத்தப்பட்டுவிடும். பத்தாம் வகுப்பில் ஒரு பாடம் தவறினவர்க்கு உடனடித் துணைத்தேர்வு உண்டு. அதில் தேறி அவ்வாண்டே பதினோராம் வகுப்பில் சேரலாம். ஆகவே முடிவு வந்த அன்றே எந்தப் பிள்ளையையும் கொத்தனாரோடு அனுப்பிவிடாதீர்கள்.

பணத்தைப் பற்றிய ஒரு செய்தி. பத்தாம் வகுப்புக்கு மேற்பட்ட கல்விக்கான மத்திய அரசின் உதவித் தொகை 1944இல் தொடங்கியது. அண்ணல் அம்பேத்கர் அப்போது வைசிராயின் நிர்வாக சபையில் உறுப்பினர். அத்தொகைக்குரிய உரிமை கல்லூரியில் அன்று, பதினோராம் வகுப்பிலேயே தொடங்குகிறது என்பது நம் பெற்றோரில் பலர்க்குத் தெரியாது. சாதிச் சான்று, வருமானச் சான்று, ஆதார், பிள்ளையின் பெயரிலேயே வங்கிக் கணக்கு ஆகியவற்றை இப்போதே ஆயத்தம் செய்யுங்கள். சேர்க்கை நாளில் வட்டாட்சியர் அலுவலகத்துக்கு ஓடினால் கிடைக்காது.

கடைசியாகச் சங்கத்தின் ஏற்பாட்டைச் சொல்லி அமர்கிறோம். தேர்வு முடிவு வெளியாகும் நாள் முதல் ஒரு வாரம், காலை ஏழு மணியிலிருந்து நம் படிப்பகத்தில் செயற்குழுவினர் இருவர் அமர்ந்திருப்பார்கள். நம்மிடம் படித்து இன்று செவிலியராகவும், பொறியாளராகவும், வழக்கறிஞராகவும், வங்கி அலுவலராகவும் இருப்போரில் இயன்றவர்கள் மாலையில் வருவார்கள்; எந்தப் பிரிவில் என்ன படிக்க வேண்டியிருந்தது என்று அவர்களையே கேளுங்கள். பிள்ளையை மட்டும் அனுப்பாமல் தாயும் தந்தையும் உடன் வர வேண்டும். சேர்க்கைக்குச் செல்லும்போது துணை வேண்டுவோர் சொன்னால், குழுவில் ஒருவர் உடன் வந்து, விண்ணப்பத்தில் பிள்ளை விரும்பும் பிரிவு முதல் விருப்பமாக எழுதப்படுவதைப் பார்த்துக்கொள்வார். கணக்கு வகுப்பு அடுத்த திங்கட்கிழமை மாலை ஆறு மணிக்குத் தொடங்குகிறது. சேர விரும்புவோர் இன்றிரவு கலைந்து செல்லுமுன் செயலாளரிடம் பெயர் கொடுத்துச் செல்லுங்கள். ஏழாம் வகுப்புக் கணக்குப் புத்தகம் வீட்டில் இருந்தால் அதையும் கையோடு கொண்டுவாருங்கள், அங்கிருந்துதான் தொடங்குகிறோம்.